வெள்ளிக்கிழமை முத்தி

பிலோமினம்மாவுக்கு உதடு வெடித்ததெல்லாம் ஒரு கதையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். எழுவைதீவில் யாருக்குத்தான் உதடு வெடிக்காது? நாலு பக்கமும் உப்புக்காற்று. கிணற்றுத் தண்ணி உவர். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும். கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுப் பூசிவிட்டு அவரவர் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள், நாலாம் நாள் ஆறிவிடும். ஆனால் எழுபத்தினாலாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில் பிலோமினம்மாவின் உதடு வெடித்ததை மேற்குக் கரையின் பதினெட்டு வீடும் நாள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்த வாயால்தான் அவள் சத்தியம் பண்ணியிருந்தாள்.

நடந்தது இதுதான். லியோனின் புது நைலோன் வலை காயப்போட்ட இடத்தில் இருந்து காணாமல் போய்விட்டது. அந்த இடத்துக்குக் கிட்ட இருந்தது பிலோமினம்மாவின் வீடு. அவளுடைய புருசன் பத்திநாதருக்கும் லியோனுக்கும் முந்தின கிழமைதான் வள்ளம் இழுத்து விடுகிற இடத்தைப் பற்றி வாய்த்தர்க்கம் நடந்தது. இது போதாதா? லியோனின் பெண்சாதி மாக்கிறேற் கிணற்றடியில் வைத்து, "வலைக்குக் காலில்லை, தானா நடந்து போகாது" என்று சொன்னாள். பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எல்லாரும் பத்திநாதரின் வீட்டுப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கரையில் பொலிசுக்குப் போகிற வழக்கம் இல்லை. பழி விழுந்த வீட்டுப் பெண் கோயிலுக்குப் போய், சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்தின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்து, "என்ரை வீட்டிலை களவில்லை" என்று சொல்லவேண்டும். ஆம்பிளை சொன்னால் எடுபடாது. எத்தனை மீன் பட்டது என்று கேட்டாலே பொய் சொல்லுகிறவனின் சத்தியத்தை யார் நம்புவது? பிறகு ஊர் நாற்பது நாள் பார்க்கும். அந்த வீட்டுக்கு ஒரு கேடும் வராவிட்டால் பழி போயிற்று. கேடு ஏதும் வந்தால், அந்த வீட்டு ஆளை ஒருத்தரும் தங்கள் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். சொந்த வள்ளம் இல்லாத பத்திநாதருக்கு அது கழுத்தில் கத்தி வைத்த மாதிரி.

அவள் மடியில் கனம் இல்லை, அதனால் பயமும் இல்லை. தபசு காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பார்த்திருக்க, கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை பெட்டியில் இருந்த மரச்சுரூபத்தை வெள்ளைத் துணியில் ஏந்தி எடுத்து வந்தார். அவள் குனிந்து பாதத்தில் அழுத்தி முத்தி செய்தாள். வாயில் ஒரு கைப்பும், சுட்ட கொட்டை மாதிரி ஒரு மணமும் தட்டுப்பட்டது. அதை யார் கவனித்தது? சத்தியத்தைச் சொல்லிவிட்டு, சுமை இறங்கின மாதிரி வீட்டுக்கு வந்து மீனுக்கு உப்புப் போடத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த நாள் விடிய உதடு இரண்டும் பொங்கிப் போயிருந்தது. அதற்கு அடுத்த நாள் கொப்பளம் போட்டு, உடைந்து, நீர் வடிந்தது. கிணற்றடியில் மாக்கிறேற் அதைக் கண்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு ஒரு பெட்டி அவல் கிடைத்துவிட்டது.

"ஆண்டவர் நாப்பது நாள் பொறுக்கேல்லை பாத்தியளே. எந்த வாய் பொய் சொன்னதோ அந்த வாயிலையே போட்டார்."

அவ்வளவுதான். நாலாம் நாள் பத்திநாதரைக் கடலுக்குக் கூப்பிட ஒருத்தரும் வரவில்லை. அவர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்குப் போவார், வள்ளங்கள் போன பிறகு திரும்பி வருவார். வந்து வாசலில் குந்தியிருந்து கடலையே பார்ப்பார். அவளை ஒரு சொல் குறை சொல்லவில்லை, பாவி மனுசன். நாற்பதாம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. அதற்கிடையில் உதடு ஆறிவிட்டால், அது காற்றுக்கு வந்த வெடிப்பு என்று மூப்பர் சொல்லிவிடலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிலோமினம்மா வைத்தியத்தில் இறங்கினாள்.

என்ன வைத்தியம் என்று கேட்காதீர்கள். தொப்புளில் நெய் விட்டால் உதடு ஆறும் என்றார்கள், விட்டாள். மஞ்சளும் வேப்பங்குருத்தும் அரைத்துப் பூசினாள். உப்புத் தண்ணியால் ஒரு நாளைக்கு ஏழு தரம் கொப்பளித்தாள். தேசிக்காயைப் பாதியாக வெட்டித் தேய்த்துவிட்டு உயிர் போகிற எரிவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எரிந்தால்தானே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்! இதற்கு நடுவில் காய்கிறதே என்று நாக்கால் நக்கி நக்கி ஈரம் பண்ணிக்கொண்டாள். பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நிற்கிற அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவளுக்குக் கிடைத்த மரவள்ளிக் கிழங்கைக்கூட வாய் திறந்து கடிக்க முடியவில்லை. கஞ்சியை ஓரமாக ஊற்றிக் குடித்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய வைத்தியம் வைத்திருந்தாள், அது ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம், கோயிலில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போவாள். சுரூபப் பெட்டியைத் திறப்பாள். அந்தப் பாதத்தில் வாய் வைத்து, "ஆண்டவரே, நீர் அறிவீர். என்ரை வாயைச் சுகமாக்கும்" என்று முத்தி செய்வாள். ஒரு வெள்ளி தவறவில்லை.

ஐந்து கிழமை போயிற்று. ஒரு நாள் அவள் வாசலில் குந்தியிருந்த புருசனின் முதுகைப் பார்த்தாள். இந்த மனுசன் உண்மையில் எடுத்திருப்பாரோ? என்று ஒரு எண்ணம் வந்தது.  முப்பது வருசமாக அடுத்தவனின் தூண்டில்கூடத் தொடாத ஆள். ஊர்வாய் போதாதென்று தன் மனசும் சேர்ந்து பேசத் தொடங்கிவிட்டதே என்று அவள் அன்றைக்கு அடுப்படியில் இருந்து அழுதாள். அழுத கண்ணீர் உதட்டில் பட்டு அதுவும் எரிந்தது.

பெரிய கிழமை புதன்கிழமை, புருசனின் இடுப்பு நாரிநோவுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, முந்தானையால் வாயை மூடி, ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஏறினாள். வள்ளத்தில் அவளுக்குப் பக்கத்துப் பலகை வெறுமையாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி தில்லைநாதன் ஐயா இருந்தார். மடத்துவெளி ஆள், நரைத்த தலை, அலுத்த முகம். காலையில் இருந்து நூறு வாயும் வயிறும் பார்த்தவர்.

"முந்தானையை எடும், பாப்பம்." குனிந்து பார்த்தார். "என்னென்ன பூசினனீர்?"

அவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

"சரிதான். கறிக்குப் போடுற எல்லாம் போட்டிருக்கிறீர், மிளகாய்த்தூள் மட்டும்தான் மிச்சம்." பெருமூச்சு விட்டார். "இஞ்சை பாரும் அம்மா. உதட்டுத் தோல் மெல்லிசு. நக்க நக்கக் காயும், காயக் காய வெடிக்கும். உப்பு, தேசிக்காய், மஞ்சள் எல்லாத்தையும் விடும். வாஸலீன் தாறன், அதை மட்டும் பூசும். வாயைச் சும்மா விட்டாலே பாதி சுகம்."

"ஓம் ஐயா."

"ஆனா இது வெறும் காத்தாலை வந்த வெடிப்பில்லை." அவர் விளக்கை இழுத்துப் பிடித்துத் திரும்பவும் பார்த்தார். "ஏதோ பட்டுப் பொங்கின புண். ஆறிக்கொண்டு வரேக்கை திரும்பவும் பொங்கியிருக்கு. எந்த நாளிலை கூடுறது?"

யோசித்தாள். யோசிக்க யோசிக்க, அது தெரிந்தது. "சனிக்கிழமை ஐயா. புதன், வியாழனுக்குக் கொஞ்சம் ஆறும். சனி விடியத் திரும்பப் பொங்கும்."

"அப்ப வெள்ளிக்கிழமையிலை என்ன செய்யிறனீர்?"

பிலோமினம்மா எல்லாம் சொன்னாள். வலை, சத்தியம், பெட்டி, கைப்பு, சுட்ட கொட்டை மணம். தபசுக்குக் கொஞ்ச நாள் முன் மூப்பர் மன்னாரில் இருந்து ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்து, வள்ளத்துப் பலகைக்குப் பூசின மிச்சத்தைச் சுரூபத்தைக் கறையான் அரிக்கிறதென்று தூரிகையால் பூசினாராம் என்று எப்போதோ கேள்விப்பட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்போதிக்கரி கதிரையில் சாய்ந்தார். "மரமுந்திரிகைக் கொட்டைத் தோலிலை எடுக்கிற எண்ணெய். போன வருசம் வள்ளத்துக்கு அதைப் பூசின ஒருத்தன் முகமெல்லாம் பொங்கி இஞ்சை வந்தவன். காய்ஞ்சாலும் லேசிலை விடாது. நீர் கிழமைக்கு ஒருக்கா அதிலைபோய் வாய் வைச்சிருக்கிறீர்."

"அப்ப நான் பொய்ச்சத்தியம் பண்ணேல்லை, என்ன ஐயா?"

"அது உமக்கெல்லோ தெரியவேணும்?"

"தெரியும் ஐயா. ஆனா அஞ்சு கிழமையா எல்லாரும் சொல்லேக்கை எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது."

அவர் அலுமாரியைத் திறந்தார். வாஸலீனைத் துண்டுக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார். அவள் எழும்பிப் போகும்போது, "உந்தச் சுரூபத்தை வேறை ஆரும் தொடுறவையோ?" என்று கேட்டார். "தொட்டா, முதல் தேங்காய் எண்ணெய் போட்டுப் பழந்துணியாலை மூண்டு நாலு தரம் துடைக்கச் சொல்லும். பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவ வேணும். துடைக்கிறவர் கைக்கும் நல்லா எண்ணெய் பூசவேணும்."

திரும்பி வருகிற வள்ளத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. பெரிய வெள்ளி மூன்று மணிக்குப் பதினெட்டு வீட்டுச் சனமும் வரிசையில் வந்து அந்தப் பாதத்தை முத்தி செய்யும். சனி விடிய லியோனின் உதடு பொங்கும். மாக்கிறேற்றின் உதடு பொங்கும். மூப்பரின் உதடு மீசையோடு பொங்கும்! அப்போது யார் யாரைப் பார்த்துப் பொய்ச்சத்தியம் என்று சொல்லுவது? அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் போதும், பழி தானாகக் கழன்று விழும். பத்திநாதர் துடுப்போடு போய் வள்ளத்தில் ஏறுவார். நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது, சிரிக்க உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. பொய் ஏன் சொல்ல வேண்டும், அவளுக்கு அது இனித்தது.

ஆனாலும் மனச்சாட்சி என்று ஒரு சனியன் இருக்கிறதே. வியாழக்கிழமை காலை மூப்பரிடம் போனாள். பஸ்ரியாம்பிள்ளை கோயில் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தார். அப்போதிக்கரி சொன்னதை அப்படியே சொன்னாள்.

மூப்பரின் முகம் கறுத்தது. "ஆண்டவற்றை காலிலை நஞ்செண்டு சொல்லுறீரோ?"

"ஆண்டவரிலை இல்லை மூப்பர். எண்ணெயிலை."

"நான் பக்தியோடை பூசின எண்ணெய். உம்மடை வாய்ப் புண்ணுக்கு என்னைப் பழி சொல்ல வாறீர். களவுக்கு மேலை பழியோ? நாளைக்கு நாப்பதாம் நாள், அதுதான் உமக்கு நடுக்கம். போம், போய் ஒறுத்தல் செய்து செபியும். உந்தக் கதையை வெளியிலை விட்டீரெண்டால் கோயில் வாசல் மிதிக்க விடமாட்டன்."

வெளியே வந்தாள். சொல்லியாயிற்று. இனிமேல் அவள் பொறுப்பில்லை. வாஸலீனைத் தொட்டுப் பூசிக்கொண்டு, 'நாளைக்குப் பாப்பம் மூப்பர்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அலுப்புத் தீரப் படுத்தெழும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் மாக்கிறேற் இருந்தாள். மடியில் நாலு மாதப் பெண்குழந்தை, பால் குடித்துக்கொண்டிருந்தது. பிலோமினம்மாவைக் கண்டதும் குழந்தையின் முகத்தைச் சேலையால் மூடினாள், கண்ணூறு படுமாம். மற்றப் பெண்களிடம் சத்தமாகச் சொன்னாள்: "இண்டைக்குத்தான் என்ரை பிள்ளை முதல் முதல் ஆண்டவரை முத்தி செய்யப் போறாள். வாய் படத் தூக்கிப் பிடிக்கப் போறன்."

அந்தக் கரையில் கைக்குழந்தைகளுக்கும் அப்படித்தான் செய்வார்கள். பிலோமினம்மாவுக்குத் தெரியாத வழக்கம் இல்லை, அவள் மறந்துதான் போயிருந்தாள்.

தண்ணியை அள்ளிக்கொண்டு நடந்தாள். சேலைக்குள் இருந்து 'சொத்துச் சொத்து' என்று அந்தக் குழந்தை உறிஞ்சுகிற சத்தம் காதை விட்டுப் போகவில்லை. முதல் நாள் தனக்கு எப்படி எரிந்தது என்று நினைத்தாள். ஐம்பது வயது மனுசி, கஞ்சியை ஓரமாக ஊற்றிக் குடித்துத் தப்பினாள். நாலு மாதப் பிள்ளை எந்த ஓரத்தால் குடிக்கும்? வாய் பொங்கினால் அது முலையை எப்படிப் பிடிக்கும்? தாய்க்காரி நல்லா அனுபவிக்கட்டும், அவளுடைய நாக்குக்கு அது காணும். ஆனால் பிள்ளை என்ன சத்தியம் பண்ணியது?

"மாதாவே, உனக்கு வேறை ஆளே கிடைக்கேல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அலுமாரிக்குள் இருந்த கால் போத்தல் தேங்காய் எண்ணெயையும் ஒரு சவுக்காரத் துண்டையும் பழைய சாறத் துணியையும் எடுத்தாள். அந்தத் தட்டுப்பாட்டில் அவ்வளவு எண்ணெய்தான் வீட்டில் இருந்தது.

சனம் எல்லாம் வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். கோயில் வெறிச்சென்று கிடந்தது. பெட்டியைத் திறந்து, சுரூபத்தின் பாதத்தை மடியில் வைத்தாள். எண்ணெயை விட்டுத் துடைத்தாள். துணி மண்ணிறமாக வந்தது. திரும்ப விட்டாள், திரும்பத் துடைத்தாள். விரலிடுக்கு, ஆணி அறைந்த குழி, குதிக்கால், ஒவ்வொன்றாக. கைக்குப் பூச வேண்டும் என்று அப்போதிக்கரி சொன்னது ஞாபகம் இருந்தது. பூசினால் பாதத்துக்குக் காணாது. போத்தலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் அந்தக் காலிலேயே விட்டாள்.

"எனக்குச் சாட்சிக்கு இருந்தது இது ஒண்டுதான்" என்று சுரூபத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கோபம் கோபமாக வந்தது. "நீர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உமக்கு வாய் புண்ணில்லையே." பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, பெட்டியை மூடிவிட்டு வந்தாள். வரும் வழியிலேயே உள்ளங்கை தினவெடுக்கத் தொடங்கிவிட்டது.

மூன்று மணிக்குக் கோயில் நிறைந்தது. அந்தச் சின்னக் கோயிலுக்குப் பெரிய வெள்ளிக்குப் பங்குச் சாமியார் வருவதில்லை, மூப்பர்தான் செபம் சொல்லுவார். சுரூபத்தை வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்து, முதல் ஆளாகத் தான் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். கறுத்து மினுங்கிய பாதம் வெளிறிக் கிடந்தது. சவுக்கார மணம் மூக்கில் ஏறியிருக்கும். தலையை நிமிர்த்தி, கடைசி வரிசையில் நின்ற பிலோமினம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானைக்குள் மறைத்திருந்த கையையும் பார்த்தார். பிறகு முத்தி செய்துவிட்டு அடுத்தவருக்குப் பாதத்தை நீட்டினார்.

லியோன் முத்தி செய்தான். மாக்கிறேற் முத்தி செய்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். அது அந்தப் பெருவிரலை முலை என்று நினைத்ததோ என்னவோ, வாயால் பற்றிக்கொண்டது. கோயிலே சிரித்தது. கடைசியாகப் பிலோமினம்மா வந்தபோது மூப்பர் சுரூபத்தை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார்.

"நீர் வேண்டாம். நாப்பதாம் நாளும் உதடு அப்பிடியேதானே இருக்கு" என்றார். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளுடைய காலைப் பார்த்துச் சொன்னார். தெரிந்தே சொன்னார், படுபாவி.

சனிக்கிழமை யாருக்கும் உதடு பொங்கவில்லை. பிலோமினம்மாவுக்குக் கை இரண்டும் பொங்கிக் கொப்பளம் போட்டது. உயிர்த்த ஞாயிறு காலை, துணி சுற்றின கையோடு கோயில் வாசலில் நின்றவளுக்கு முன்னால் மாக்கிறேற் குழந்தையோடு வந்து நின்றாள்.

"ஊர் முழுக்க முத்தி செய்தது பிலோமினக்கா. ஒருத்தற்றை வாயிலும் ஒரு பொட்டுப் புண் இல்லை. இந்தக் குஞ்சுக்குக்கூட ஒண்டும் வரேல்லை. உங்களுக்கு மட்டும் வாய் போய் இப்ப கையும். இனியும் என்ன சாட்சி வேணும்?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மூப்பர் விளக்குத் திரியைத் திருகிக்கொண்டு நின்றார். பத்திநாதர், "சொல்லணை, ஏதாவது சொல்லு" என்று அவளின் முழங்கையைத் தொட்டார். இத்தனை நாளும் தூக்கித் திரிந்த துடுப்பை அன்றைக்கு அவர் தொடவே இல்லை.

பிலோமினம்மா குழந்தையின் வாயைப் பார்த்தாள். சிவந்த சின்ன உதடு, ஓரத்தில் பால் காய்ந்திருந்தது. வெடிப்பு என்று ஒரு கீறல் இல்லை.

"வாங்கோ போவம்" என்றாள் புருசனிடம். "வாயைச் சும்மா விடச் சொல்லி ஊர்காவற்றுறை ஐயா சொன்னவர்."

அடுத்த கிழமை அவர்கள் மண்டைதீவில் இருக்கிற அவளுடைய தமையன் வீட்டுக்கு வள்ளம் ஏறினார்கள். அங்கே போய்ப் பத்து நாளில் உதடு ஆறிவிட்டது.